டிபன் டப்பாவில் ஒரு கரித்துண்டு

போன வருஷம் ஈஸ்டர் லீவு. இங்கே ஆக்லாந்தில் அது குளிர் மெல்லத் தொடங்குகிற நேரம். அந்தச் சனிக்கிழமை காலையில் ரானுயியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, தெற்கே ஹன்ட்லி பக்கம் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊரைப் பார்க்கக் கிளம்பினேன். கிளம்பும்போது நான் இருந்த கடுப்புக்கு, ரிவர்ஸ் எடுக்கையில் லெட்டர் பாக்ஸை இடித்துத் தள்ளாதது பெரிய விஷயம்.

கடுப்புக்குக் காரணம் புளிசாதம். அதைச் சொல்வதற்கு முன்னால் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா நெய்வேலியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். வந்த அன்றைக்கே சமையலறை அவள் கைக்குப் போய்விட்டது. இந்த ஊர்க் குளிரில் மாவு புளிக்க மாட்டேன் என்கிறதே என்று, பாத்திரத்துக்குத் துண்டு போர்த்தி ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைப்பாள். வகைவகையாகச் சமைப்பாள். தட்டில் போட்டு, போதும் போதும் என்று கையை வைத்து மறைத்தாலும் விடமாட்டாள். ஆனால் ஒன்று. வேலைக்குப் போகும் எனக்கு மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுத் தர மட்டும் மாட்டாள். "நீயே போட்டுக்கோடா" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் போய்விடுவாள்.

நான் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். கூட வேலை பார்க்கிற நம்மூர்ப் பையன்களுக்கு ஊரிலிருந்து அம்மா வந்தால் அவ்வளவுதான், அடுக்கு அடுக்காக டப்பா வரும். எனக்கு மட்டும் நானே அரைத் தூக்கத்தில் அள்ளிப் போட்டுக்கொண்ட சாதம். என் பெண்டாட்டியிடம் புலம்பினால், "நாப்பது வயசுல ஊட்டி விடணுமா உங்களுக்கு?" என்பாள். ஊட்ட வேண்டாம், டப்பாவில் போட்டால் போதும் என்று நான் கத்துவேன்.

அன்றைக்குக் காலையில் அம்மா புளிசாதம் கிளறியிருந்தாள். வேர்க்கடலை வாசம் தெருவுக்கே வந்தது. "ரெண்டு டப்பாவுல போடும்மா, வழியில சாப்பிடலாம்" என்றேன். "வழியில கடையில ஏதாவது வாங்கிக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நேராகக் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! நான் மட்டும் எடுத்து வைப்பேனா? சட்டியோடு அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். நஷ்டம் யாருக்கு என்பது வேறு விஷயம்.

அந்த ஊருக்குக் கூட்டிப் போகும் யோசனை என்னுடையதுதான். ஷாப்பிங் மால் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடற்கரைக்குக் கூட்டிப் போனால், "தண்ணிதானடா, எங்க பாத்தாலும் ஒண்ணுதான்" என்றாள். நெய்வேலிக்காரிக்குச் சுரங்கத்தைக் காட்டுவோம் என்று எனக்குத் தோன்றியது. என் பெண்டாட்டி முதியோர் இல்லத்தில் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வெளிநாட்டுக்குக் கூட்டிட்டு வந்து கரியவா காட்டப் போறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்திச் சீஸ் சாண்ட்விச் வாங்கினேன். அம்மா அதை ஒரு டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பேசவில்லை. ஹன்ட்லி நெருங்கும்போது ஆற்றங்கரையில் அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள் தெரிந்தன. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டேய், நம்ம ஊர் மாதிரியே இருக்குடா!"

அவ்வளவுதான், என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் நெய்வேலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ், நூல் பிடித்த மாதிரி ரோடு, ரோடு முழுக்க நிழல். ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதினால் கடிகாரம் பார்க்காமலே நேரம் சொல்லிவிடலாம். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டைக் காலர், காது மடல், புருவம் எல்லாம் பழுப்புத் தூசி. வாசல் குழாயில் கை கால் கழுவுவார், தண்ணீர் டீ மாதிரி ஓடும். அதில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்பா நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது இறந்துபோனார். காலை ஷிஃப்ட்டில் இருக்கும்போதே நெஞ்சுவலி. அதைப் பற்றி அம்மா பேசவே மாட்டாள். நானும் கேட்டதில்லை.

ஹன்ட்லியைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பினால் அந்த ஊர் வருகிறது. ஊர் என்றால் ஒரு தெரு, மூடிக் கிடக்கும் ஒரு கடை, ஒரு ஹால். சுற்றிலும் பச்சைப் பசேலென்று மேடு, அதில் ஆடுகள். அம்மா நாலா பக்கமும் பார்த்தாள். "சுரங்கம் எங்கடா?" என்றாள். பள்ளம் தோண்டின இடத்தில் இப்போது ஏரி இருந்தது. அதைக் காட்டினேன். "இதுவா? வாத்து நீந்துது!" என்றவள் கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊரும் ஒருநாள் இப்படித்தான் ஆவும் போல" என்றாள். குரல் இறங்கிவிட்டது.  நாம் பிறந்து வளர்ந்த ஊருக்கு நடக்கப்போவதை முன்கூட்டியே வேறு ஒரு நாட்டில் பார்க்கிற மாதிரி இருந்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் அந்த ஹாலைத் திறந்து வைக்கிறார்கள். உள்ளே அந்த ஊர்க்காரர்களே சேர்த்து வைத்த பழைய சாமான்கள். எழுபது வயசு இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, நீலச் சட்டையில் வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நாங்களும் நிலக்கரி ஊர்தான் என்று நான் சொன்னதில் அவருக்கு ஏக சந்தோஷம். எல்லாவற்றையும் நிதானமாகப் பாருங்கள் என்று விட்டுவிட்டார்.

உள்ளே நுழைந்ததுமே அப்பா வாசம். நான் மிகைப்படுத்தவில்லை. கரியும் ஈரமும் பழைய தோலும் கலந்த ஒரு வாசம், அப்பாவின் யூனிஃபார்ம் மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் அடிக்குமே, அதே வாசம். ஹெல்மெட், விளக்கு, பூட்ஸ். ஒரு பலகையில் வரிசையாகப் பித்தளை டோக்கன்கள். உள்ளே இறங்குகிறவன் ஒன்றை எடுத்துப் போவான், மேலே வந்ததும் மாட்டுவான். மாட்டாமல் இருந்தால் அவன் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அம்மா அந்தப் பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், ஸ்கூல் பிள்ளை மாதிரி சமர்த்தாகத்தான் இருந்தாள். அதை நம்பித்தான் நான் போட்டோ பார்க்க அடுத்த அறைக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்மணியின் குரல் கேட்டது. "ப்ளீஸ்! ப்ளீஸ், அதைத் தொடாதீங்க!"

ஓடினேன். ஹாலின் ஒரு மூலையில் அந்தக் காலத்துத் தொழிலாளி வீட்டுச் சமையலறை மாதிரி ஜோடித்து வைத்திருந்தார்கள். இரும்பு அடுப்பு, பக்கத்தில் வாளி நிறையக் கரி, பூப்போட்ட விரிப்புடன் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. குறுக்கே ஒரு கயிறு. அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். மேஜை மேல் இருந்த வட்டமான தகர டிபன் டப்பா அவள் கையில். விரலெல்லாம் கருப்பு. டப்பாவை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற நீ? மானத்த வாங்காத, வெளிய வா!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண்மணியிடம் சாரி சாரி என்று உருகினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. "அது என் அப்பாவோடது" என்று மட்டும் சொன்னார்.

"என்னடா சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"அவங்க அப்பாவோட சாப்பாட்டு டப்பாவாம். கீழ வைம்மா முதல்ல."

"அதான் பாத்தேன். தொறந்து கெடந்துச்சுடா. வெறுமனே இருக்கக் கூடாது. ஒரு கரி போட்டு மூடுனேன். அவங்ககிட்ட சொல்லு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாளியிலிருந்து ஒரு சின்னக் கரித்துண்டை எடுத்து, சாண்ட்விச் சுற்றியிருந்த டிஷ்யூவைக் கிழித்து அதில் மடித்து, டப்பாவுக்குள் போட்டிருக்கிறாள். நம் பக்கம் வீட்டை விட்டுச் சாப்பாடு வெளியே போனால் போடுவார்களே, அந்தக் கரித்துண்டு.

சொல்லாமல் தப்பிக்க முடியாது, அந்தப் பெண்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடு எடுத்துப் போகிறவர்களைக் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க எங்கள் ஊரில் ஒரு கரித்துண்டு வைப்பது வழக்கம் என்றேன். பட்டப்பகலில் இங்கிலீஷில் காத்துக் கருப்பை விளக்கிப் பாருங்கள், தெரியும் கஷ்டம். காதெல்லாம் சுட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "என் அப்பாவுக்கு எதற்கு வைத்தார் என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். அம்மா டப்பாவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவங்கப்பாவும் சுரங்கத்துல எறங்குனவரு. உங்கப்பாவ அன்னிக்குக் கரி போடாமத்தான் அனுப்புனேன். அதான்டா."

நான் பாட்டுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். என் அப்பாவை அன்றைக்கு அது இல்லாமல் அனுப்பிவிட்டாராம் என்று இங்கிலீஷில் சொல்லி முடித்த பிறகுதான், அது எந்த நாள் என்பது என் மண்டையில் ஏறியது. 

அம்மா நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் அடைத்து வைத்தது அந்தக் கயிற்றுக்குப் பின்னால் நின்றபடி கொட்டியது. அவள் தமிழில் சொல்ல, எனக்கே புதுசாக இருந்ததை நான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தேன். இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கி வைத்துக்கொள்வாளாம். காகிதத்தில் மடித்து அப்பாவின் டிபன் கேரியரில் தினமும் ஒரு துண்டு. கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். "கரிச் சுரங்கத்துக்கே கரி கொண்டு வர்ற ஆளு நீ ஒருத்தன்தான்யா" என்று. அப்பா ஒருநாள் வந்து, இனிமேல் போடாதே, பசங்க சிரிக்கிறானுங்க என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ரோஷம். போடாட்டிப் போகட்டும் என்று மறுநாள் காலையில் விட்டுவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் அப்பாவின் சிநேகிதர் சைக்கிளில் வந்தார். ஹேண்டில்பாரில் கேரியர் தொங்கியது. திறக்கவே இல்லை. போட்டு அனுப்பின தயிர்சாதம் அப்படியே இருந்தது.

"அதக் கழுவிப் பரண்ல போட்டவதான். அப்புறம் யாருக்கும் டப்பாவுல சோறு போட்டு அனுப்ப எனக்குக் கை வரலடா."

என் டப்பா! நான் அத்தனை மாசம் முணுமுணுத்த என் டப்பா! கடைசி வரியை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.  அந்தப் பெண்மணி பரவாயில்லை என்பது போலக் கையை அசைத்தார். பிறகு அந்தக் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே போய், யாரும் தொடக்கூடாத அந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்து அம்மாவை உட்கார வைத்தார். இன்னொன்றில் தானும் உட்கார்ந்தார். இப்போது அவர் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

அவருக்கு அப்போது எட்டு வயசாம். காலையில் அப்பா கிளம்பிப் போன பிறகு பார்த்தால் டிபன் டப்பா மேஜையிலேயே இருக்கிறது. அவருடைய அம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அப்பா தெருக்கோடியில்தான் போய்க்கொண்டிருந்தார், ஒரு குரல் கொடுத்தால் கேட்டிருக்கும். ஆனால் சுரங்கத்துக்குக் கிளம்பியவன் திரும்பிப் பார்த்தால் ஆகாது என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அதனால் அவர் அம்மா கூப்பிடவில்லை.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, "ஆமா, போறவங்கள பின்னாடி கூப்பிடக் கூடாதுல்ல" என்றாள். அதையும் சொன்னேன். அந்தப் பெண்மணி ஆச்சரியப்பட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் எல்லாம் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். டப்பா இல்லாத அவர் அப்பா, அடுத்தவர் சாப்பாட்டில் பங்கு கேட்கக் கூச்சப்பட்டு, வேலையைத் தொடர்ந்திருக்கிறார். சுரங்கத்துக்குள் அவர் தலைக்கு மேலே கூரை சரிந்தது அப்போதுதான். டப்பா வீட்டில் தங்கியதால்தான் இன்று இங்கே இருக்கிறது. ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே என்று அவர் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

 அம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவங்கம்மா சாஸ்திரத்தக் காப்பாத்துனாங்க. நான் விட்டேன். ரெண்டு பேரும் போய்ட்டாங்களேடா."

இதை நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்மணி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திறந்தார். டிஷ்யூ பொட்டலத்தை வெளியே எடுத்தார். தூக்கிப் போட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தார், மறுபடி அதே மாதிரி மடித்தார், உள்ளே வைத்து மூடினார். "இது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் டீ போட்டுக் கொடுத்தார். எங்களிடம் இருந்ததோ கசங்கிப்போன ஒரு சீஸ் சாண்ட்விச். அதை மூன்றாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். வீட்டில் புளிசாதம் சட்டியோடு கிடப்பதை நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டேன். கிளம்பும்போது அந்தப் பெண்மணி பின்னால் போய், ஒரு கரிக்கட்டியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாள்.

காரில் நான், "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "நீ சின்னப் பையன்" என்றாள். நாற்பது வயசில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நெஞ்சுவலிக்கும் கரிக்கும் என்ன சம்பந்தம் என்று எடுத்துச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரிந்ததுதான், தெரிந்தும் வலிக்கிறது என்று புரிந்தது.

லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று காலை, சமையலறை மேடையில் என் டிபன் டப்பா மூடி இருந்தது. தூக்கினேன், கனத்தது. அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம், எனக்கு ரயில் போயிருக்கும்.

மத்தியானம் திறந்தேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஓரமாக ஒரு சின்னப் பேப்பர் பொட்டலம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அது என்ன ஸ்வீட்டா என்று எட்டிப் பார்த்தான். பிரித்துக் காட்டினேன். கரியைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான், அந்த மேஜையே சிரித்தது. "எங்கம்மா வச்சது" என்று சொல்லி நானும் சிரித்தேன்.

அம்மா இப்போது நெய்வேலிக்குத் திரும்பிப் போய்விட்டாள். டப்பாவில் நானேதான் சாதம் போட்டுக்கொள்கிறேன், அந்தக் கரித்துண்டையும் புதுப் பேப்பரில் மடித்து நானேதான் வைத்துக்கொள்கிறேன். பார்த்துச் சிரிக்கிறவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன், ஆனால் அம்மா மறுபடி வந்து என் டப்பாவில் கரி வைத்தால், அப்பா மாதிரி இனிமேல் போடாதே என்று மட்டும் நான் சொல்லவே மாட்டேன்.